கழுத்துச் சட்டை போட்ட பதினோரு பேர்

“நீ விழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, உன்கிட்ட யாரு, என்ன கேட்டாங்க?”

டாக்டர் ஹெப்சிபா என்னிடம் இப்படிக் கேட்டார். அதுவரை என்னைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய்? இட்லி என்றால் ஏன் இட்லி, ஒன்றுமில்லை என்றால் ஏன் ஒன்றுமில்லை. ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், வயசுப் பெண், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

விழும்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று யாருமே கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதில் பக்கத்து நாற்காலியில், ஆட்டோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால், “ஞாபகம் இல்ல டாக்டர்” என்றேன்.

அப்பா சாவி சுற்றுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

என் கழுத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் அடிக்கடி மயங்கி விழுந்தேன். பள்ளிக்கூடத்தில் முதலில் பேய் என்றார்கள், பிறகு நடிப்பு என்றார்கள். கடைசியில் தலைமையாசிரியை, “இனிமே விழமாட்டான்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க” என்றார். யாரும் விழமாட்டார்கள் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். தனக்கேகூட எழுதிக்கொள்ள மாட்டார். அதோடு என் படிப்பு நின்றது.

மூன்று வருஷம் கழித்து, அருப்புக்கோட்டைக்குப் புதிதாக வந்த டாக்டர் ஹெப்சிபாதான் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். படத்தை அப்பாவிடம் காட்டி விளக்கினார்.

“செடிக்குத் தண்ணி விடுற பச்சை டியூப் பாத்திருப்பீங்க. நீளம் அதிகமாயிடுச்சுன்னா நடுவுல மடங்கிக்கும், இல்லியா? மடங்குன இடத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி போகாது. உங்க பொண்ணுக்கு மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய், வலது பக்கம், தேவைக்கு மேல நீளம். பிறவியிலேயே அப்படி. நேரா இருந்தா ஒண்ணும் தெரியாது. இடது பக்கம் திரும்பி மேல பாத்தா மடங்கிடும். விழுந்துடுவா.”

“நீளம் ஜாஸ்தின்னா கொஞ்சம் நறுக்கி ஒட்டிற முடியாதா டாக்டரம்மா? கிளச்சு கேபிளுக்கெல்லாம் நாங்க அப்பிடித்தான பண்றோம்?”

“பண்ணலாம். கிளச்சு கேபிள் அறுந்தா வண்டி நிக்கும். இது அறுந்தா?”

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்ச் வலது ஓரத்தில் இருந்தது. கரும்பலகை எனக்கு இடது பக்கம், உயரத்தில். பெஞ்சை மட்டும் இடது ஓரத்துக்கு மாற்றிப் போட்டிருந்தால் நான் இந்நேரம் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருப்பேன். பேயும் வேறு ஆளைப் பார்த்திருக்கும்.

பிறகுதான் சட்டை வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று அதைச் சோதனைக்காக இலவசமாகப் பொருத்தியது. காகிதத்தைவிட மெல்லிய ஒரு வலை. அதை மடங்குகிற குழாயின் மேல் சுற்றிவிடுவார்கள். அதில் கடுகு அளவு சிப் ஒன்று இருக்கும். கழுத்து எப்படித் திரும்பினாலும் அது முன்கூட்டியே உணர்ந்து, குழாய் மடங்காமல் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற மாதிரி இல்லை. எங்கள் ஊர் ஒரே நாளில் அதற்குக் கழுத்துச் சட்டை என்று பெயர் வைத்துவிட்டது. ஊரில் பதினோரு பேர் போட்டுக்கொண்டோம். நான்தான் அதில் இளையவள்.

தையல் பிரித்த அன்று பேருந்து நிலையத்தில் நின்று, இடது பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டியை ஆசை தீர அண்ணாந்து பார்த்தேன். தொட்டியின் மேல் கட்சிக்காரர்கள் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விழாமல் படித்தேன்.

ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு பதினோரு பேரும் விழ ஆரம்பித்தோம்.

இப்போது வேறு மாதிரி. எங்கேயும் திரும்ப வேண்டாம், அண்ணாந்து பார்க்க வேண்டாம். தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜோதிமணி அக்கா ரேஷன் கடை வரிசையில் விழுந்தார். ரிட்டயர் ஆன டிரில் வாத்தியார் அரியநாயகம் மகள் வீட்டு விருந்தில், இலைக்கு முன்னால், ரசத்தின் மேல் விழுந்தார். இரண்டு மாதத்தில் முப்பத்தாறு முறை என்று டாக்டர் குறித்து வைத்திருந்தார். விழுவதற்கு முன்னால் யார், என்ன கேட்டார்கள் என்று அவர் என்னிடம் கேட்டதும் அப்போதுதான்.

கம்பெனி விதி ஒன்று இருந்தது. சட்டை போட்டவர் ஐந்து முறை நினைவு தப்பி விழுந்தால் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் குழாயில் தழும்பு விழுந்துவிடும், மறுபடி போட முடியாது. பழையபடி இடது பக்கம் பார்க்காமல் காலம் தள்ள வேண்டியதுதான்.

நான் நாலு முறை விழுந்திருந்தேன்.

விஷயம் என்னவென்று கண்டுபிடிக்கக் கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்ற இன்ஜினீயர் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு பேரையும் ஆஸ்பத்திரி ஹாலில் வட்டமாக உட்கார வைத்தார்.

“எனக்குப் புரிஞ்சுடுச்சு டாக்டர்,” என்று ஆரம்பித்தார். “இந்த சிப்புக்குக் கழுத்து அசைவெல்லாம் கத்துக்கொடுத்தது வெளிநாட்டுல. அங்க ஆமான்னா மேல கீழ ஆட்டுவாங்க. இல்லன்னா இடம் வலம் திருப்புவாங்க. நம்ம ஆளுங்க பண்றாங்க பாருங்க, காதைத் தோளுக்குக் கொண்டுபோய், இப்படி இப்படி... இது அங்க யாருக்கும் கிடையாது. சிப் இதைப் பாத்ததே இல்ல. வண்டி மோதி கழுத்து உடையுதுன்னு நினைச்சு, குழாயை இறுக்கிப் பிடிச்சுடுது. நாலு செகண்ட். ஆள் அவுட்.”

“அப்போ நாங்க சரின்னு சொல்லும்போதெல்லாம் விழுறோம்ங்கிறீகளா?” என்றார் ஜோதிமணி அக்கா.

“கரெக்ட்” என்று சொல்லி நிரஞ்சன் தலையை ஆட்டினார். காதைத் தோளுக்குக் கொண்டுபோய்த்தான் ஆட்டினார்.

அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் ஐம்பது முறை ஆட்ட வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடிதான், இது சோதனை, ஐந்தில் சேராது. அரியநாயகம் சாரை விட்டு எண்ணச் சொன்னார். ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு. அவர் எழுந்து நின்று, “அட்டேன்... ஷன்! ஒன்! டூ!” என்று தொடங்கினார். பதினோரு பேரும் ஐம்பது முறை தலையாட்டினோம். வாசலில் ஊசி போட வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஹாலுக்குள் ஏதோ விற்கிறார்கள், நாங்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருவரும் விழவில்லை.

நிரஞ்சன் லேப்டாப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார். “பரவால்ல, பிரேக் எடுத்துக்கலாம்” என்று, தான் சென்னையிலிருந்து தூக்கி வந்திருந்த மிஷினில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். மிஷினை அவரே வடிவமைத்தாராம். நான் கப்பை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

“எப்படி இருக்கு காபி?” என்றார் நிரஞ்சன், ரொம்ப ஆசையாக. “நல்லா இருக்குல்ல?”

குடித்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள். எட்டுப் பேர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்கள்.

நாலு நொடியில் முதலில் கண் விழித்தவர் ஜோதிமணி அக்கா. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், “காபியா அது, கழனித்தண்ணி” என்றார்.

டாக்டர் ஹெப்சிபா அதுவரை சுவரில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அரியநாயகம் சார் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், உங்க பேத்தின்னா உங்களுக்கு உயிர்தானே?”

சார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

“உங்க மருமகனும் நல்லவர்தானே?”

சார் தலையாட்டினார். டாக்டர் தயாராகக் கையை நீட்டி அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்.

“நிரஞ்சன்,” என்றார் திரும்பாமலே. “மனசார ஆமான்னு ஆட்டும்போது கழுத்து தளர்வா ஆடுது. வேற வழியில்லாம ஆட்டும்போது உள்ள தசை இறுகுது. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். இறுகுன தசை குழாயைப் பிடிச்சு மடக்குது. அந்த மடிப்பைத்தான் உங்க சிப் விபத்துன்னு நினைக்குது.”

“அதெப்படி டாக்டர்? சிப்புக்குப் பொய் எப்படித் தெரியும்?”

“சிப்புக்குத் தெரியாது. கழுத்துக்குத் தெரியுது.”

இந்தச் சேதி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து எங்கள் பதினோரு பேருக்கும் நிம்மதி போனது.

எங்களிடம் கேள்வி கேட்பது ஊருக்கு விளையாட்டாகிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், பெண் வீட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் ஓடி வந்து, “சாப்பாடு எப்பிடிங்க?” என்றார்கள். ஒரு கவுன்சிலர், தன் கூட்டத்துக்கு எங்களில் யாரையும் முன்வரிசையில் உட்காரவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தறி முதலாளி ஒருவர், சட்டை போட்ட தொழிலாளியிடம் “ஞாயித்துக்கெழம வந்துருவேல்ல?” என்று கேட்டு, அவர் தறியில் ஓடிய பாவு நூல் மேலேயே சாய்ந்ததில் ஒரு நாள் நெசவு பாழானது. இன்னொரு பக்கம், நல்ல கழுத்து உள்ள தங்கள் கணவர்களுக்கும் அந்தச் சட்டையைப் போட்டுவிட முடியுமா என்று கேட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. வாயால் பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது. எவ்வளவு பெரிய புளுகானாலும் ஆள் நிமிர்ந்தே நிற்கலாம். மானம், ரோஷம் எல்லாம் கழுத்துக்கு மட்டும்தான். அதனால் பத்துப் பேரும் தலையை ஆடாமல் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கப் பழகினார்கள். ஜோதிமணி அக்காவுக்கு அதில் ஒரு சிக்கல் வந்தது. இருபது வருஷமாகக் கணவர் தங்கப்பாண்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வந்தவர். வாயைத் திறந்து “சரி” என்று சொல்லத் தொடங்கினால், பாதியில் அது தானாகவே “முடியாது” என்று மாறிவிடுகிறதாம்.

“நான் வேணும்னு சொல்லல டாக்டர்,” என்றார். “வாய்க்குப் பழக்கமில்ல. எது முன்னால இருக்கோ அது வந்து விழுந்துருது.”

எனக்கு அந்தப் பழக்கம் சுத்தமாக இல்லை. என் பேச்சில் முக்கால்வாசி தலையாட்டலில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அதுவும் வீட்டுக்குள் அப்பாவிடம் மட்டும்.

நாலு முறை நான் விழுந்த கதை இதுதான். முதல் முறை அப்பா, “சாம்பார் நல்லாருக்காத்தா?” என்று கேட்டார். இரண்டாம் முறை, “ஸ்கூலுக்குப் போகலன்னு மனசுல ஒண்ணும் வச்சுக்கலைல்ல?” என்று கேட்டார். மூன்றாவது முறையும் நாலாவது முறையும் ஒரே கேள்வி.

“அம்மா பொங்கலுக்கு வந்துருவாள்ல?”

அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். முதலில் தினமும் போன் வந்தது, பிறகு வாரம் ஒரு முறை, பிறகு நம்பரே மாறியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பகலில் புது நம்பரிலிருந்து என்னை மட்டும் கூப்பிட்டாள். “நான் இங்கயே இருந்துட்டேன் அமுது. வரமாட்டேன். உங்கப்பா நல்ல மனுஷன்தான். ஆனா நான் வரமாட்டேன். அவர்ட்ட நீ சொல்லிறாத, தாங்கமாட்டாரு” என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது, ஒரு குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேட்பார். நான் தலையாட்டுவேன். அவர் உடனே எழுந்து ஒட்டடை அடிப்பார், அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் வாளி வாங்கி வருவார். வீட்டில் நாலு பச்சை வாளி இருக்கிறது. சட்டை போடுவதற்கு முன்னால் இதெல்லாம் எந்தச் சேதாரமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

காபி விஷயம் ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. சாம்பாரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். ஆட்டோவில் மட்டும் பேச்சு கேட்கும். சீட் பெல்ட் போடு என்று புது ஆட்டோவில் பொருத்தியிருந்த குரல் இவரைத் திட்டும், இவர் ஆட்டோவைத் திட்டுவார். வீட்டுக்குள் இரண்டு பேரும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடமாடினோம்.

ஒரு மாதம் கழித்து நிரஞ்சன் மறுபடி வந்தார். இந்த முறை காபி மிஷின் இல்லை. மேசை மேல் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, எல்லோரையும் வரவழைத்தார்.

“பிரச்சினை தீர்ந்துடுச்சு. புது அப்டேட் கொண்டுவந்திருக்கேன். கழுத்துகிட்ட மிஷினைக் காட்டினா போதும், ரெண்டு நிமிஷம். இனிமே தலையாட்டுறதை சிப் கண்டுக்காது. எப்படி வேணும்னாலும் ஆட்டலாம். யாரும் விழமாட்டீங்க. கையெழுத்து மட்டும் போடுங்க.”

“மிச்சத்தையும் சொல்லுங்க” என்றார் டாக்டர் ஹெப்சிபா.

“டாக்டர், அது ரொம்ப சின்ன...”

“அப்போ நான் சொல்றேன்.” டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். “சிப் கண்டுக்காதுன்னா, அந்த நேரத்துல குழாயைப் பிடிக்காதுன்னு அர்த்தம். இஷ்டமில்லாம ஆட்டுற ஒவ்வொரு தடவையும் குழாய் கொஞ்சம் மடங்கும். மூளைக்கு ஒரு நொடி ரத்தம் குறையும். மயக்கம் வராது. ஒண்ணும் தெரியாது. ஆனா அது சேர்ந்துகிட்டே போகும். பதினஞ்சு, இருபது வருஷத்துல மறதி வரலாம், நாக்கு குழறலாம், கை வராமப் போகலாம். சட்டை போடுறதுக்கு முன்னாடியும் உங்களுக்கு இதுதான் நடந்துகிட்டு இருந்துச்சு.”

“அப்டேட் போடாட்டி?” என்றார் ஜோதிமணி அக்கா.

“போடாட்டி, பிடிக்காததுக்குத் தலையாட்டக் கூடாது. ஆட்டினா விழுவீங்க. வேற ஒரு கெடுதலும் இல்ல.”

பிறகு எல்லோரும் பேனாவுக்குக் கை நீட்டினார்கள்.

அரியநாயகம் சார்தான் முதலில். “எனக்கு எழுபத்திரண்டு வயசு. இன்னும் இருவது வருஷத்துல மறதி வரும்ங்கிறீக. வரட்டும் டாக்டர். மொதல்ல மருமகன மறந்துருவேன்” என்றார்.

ஜோதிமணி அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படிவத்தைப் பார்த்தார். பக்கத்தில் தங்கப்பாண்டி நின்றார். “போடு ஜோதி. நல்லதுக்குத்தான சொல்றாய்ங்க” என்றார்.

“பேசாம இரும். ஒரு மாசமா எதுத்துப் பேசிப் பாத்துட்டேன். வாய் வலிக்குது. உம்மகூட இருக்கணும்னா தலைய ஆட்டாம முடியாது, அதத் தெரிஞ்சுக்கிட்டேன்,” என்று சொல்லி அக்கா கையெழுத்துப் போட்டார். தங்கப்பாண்டிக்கு இதில் சந்தோஷப்பட வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. பேனாவை வாங்கி மூடி போட்டு, திறந்து, மறுபடி மூடினார்.

இப்படிப் பத்துப் பேர் முடிந்தார்கள். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அப்பாதான் போட வேண்டும்.

“சோலைராஜ் சார், இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு” என்றார் நிரஞ்சன்.

அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். அன்று காலையிலேயே அவர் குளித்து, பட்டையடித்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்திருந்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு முகத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும். சாம்பாரைப் பற்றிக் கேட்கலாம். பொங்கல் வருவதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

“வேண்டாம்ப்பா” என்றேன்.

என் குரல் அந்த ஹாலுக்குப் போதவில்லை. ஜோதிமணி அக்காவுக்குத்தான் கேட்டது. “வேணாம்ங்குது பிள்ள” என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். “ஏன்த்தா? நாலாயிருச்சு. இன்னொரு தடவ விழுந்தேன்னா கழட்டிருவாக. அப்புறம் தண்ணித் தொட்டியக்கூட அண்ணாந்து பாக்க முடியாது.”

“விழமாட்டேன்ப்பா.”

“எப்பிடி? தலையாட்டாம இருந்துருவியா? உனக்கு வாயே கெடையாதே தாயி.”

“பிடிக்காததுக்கு ஆட்டமாட்டேன்.”

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. அவர் பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, சாம்பார்?” என்றார்.

“உப்பு ஜாஸ்திப்பா.”

“எத்தன நாளா?”

“நாலு வருஷமா.”

“சொல்லக் கூடாதா கழுத? நானும் அதத்தான தின்னுக்கிட்டு இருக்கேன்” என்றார். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நிரஞ்சன்கூடச் சிரித்துவிட்டு, தன் காபியை நினைத்தோ என்னவோ நிறுத்திக்கொண்டார். “பள்ளிக்கூடம்?” என்றார் அப்பா.

“போகணும்ப்பா. பத்தாவது தனியா எழுதலாம்னு டாக்டர் சொன்னாங்க.”

“அதுக்கென்ன, எழுது. கொண்டுபோய் விடுறேன்.” உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நான் அன்றைக்கு விழுந்திருக்கவே வேண்டாம்.

இரண்டு கேள்வி முடிந்துவிட்டது. அடுத்தது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் வாய் திறந்ததும் எனக்குக் கழுத்தின் வலது பக்கம், தழும்புக்குக் கீழே, ஒரு கயிறு முறுக்குவது போல இருந்தது. ‘வந்துருவாள்ல’ என்று கேட்பார். நான் வாயால் ஒரு ‘ம்’ சொல்லிவிடலாம். கழுத்து ஆடாது. யாரும் விழமாட்டார்கள். அவர் வாளி வாங்கப் போய்விடுவார். அதற்குள் அந்த ‘ம்’மைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

ஆனால் அப்பா கேள்வியை வேறு பக்கமாகக் கேட்டார்.

“அமுது,” என்றார். “அம்மா இனிமே வரமாட்டா. அப்பிடித்தான?”

நான் யோசிக்கவே இல்லை. பழக்கம். தலை தானாக ஆடியது, காது தோள் வரைக்கும் போய் வந்தது, ஒரு முறை, இரண்டு முறை. “ஐயோ!” என்று டாக்டர் ஹெப்சிபா ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். நிரஞ்சன் தலையணையைத் தேடினார். ஜோதிமணி அக்கா என் தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்தார். எல்லோரும் அப்படியே நின்று மனசுக்குள் எண்ணினார்கள்.

நாலு நொடி போனது. எட்டு நொடி போனது.

கழுத்து பஞ்சு போல இருந்தது. எனக்குக் கொஞ்சம்கூடத் தலை சுற்றவில்லை. நான் நேராக உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என் கண்களைப் பார்க்கவில்லை. என் கழுத்தைத்தான் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், கடைசி வரைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பது மாதிரி. நான் விழவில்லை. டாக்டர் மெதுவாக என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அப்பா பேனாவை மூடினார். படிவத்தை, கையெழுத்துப் போடாமல், ஓரம் சேர்த்து மடித்து மேசை மேல் வைத்தார். எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் காலால் செருப்பைத் தேடி மாட்டினார். ஹாலைக் கடந்து, ஊசி போட நின்றவர்களுக்கு நடுவே வழி விலக்கி, வெளியே போனார்.